கற்கண்டுக் குழி: ஒரு டிரம் அகேட் கல் மூன்று தடவை உருண்ட கதை

உருட்டிப் பாலிஷ் செய்ய ஆவணியில் டிரம்மில் போட்ட அகேட் கல் தை பிறந்த பிறகுதான் பளபளத்தது. நடுவில் மூன்று தடவை ஏற்றி இறக்கியாயிற்று. முதல் இரண்டு தடவையும் பழியைப் பெரும்பாலும் பாலிஷ் பொடியின் மேல்தான் போட்டேன். பொடியை மாற்றினேன், விற்றவரை மனசுக்குள் வைதேன். தப்பு பொடியில் இல்லை. கல்லை வெட்டிய முதல் நாளே, எங்கள் வீட்டுப் பின்கட்டில், அது நடந்து முடிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த விதத்தை வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற இன்னொருவருக்கு ஐந்து மாதம் மிச்சமாகலாம்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தங்கச்சி மாப்பிள்ளைக்கு குஜராத்தில் வேலை. ஆடிக் கொடைக்கு ஊருக்கு வந்தவர் துணிப்பையில் இரண்டு கிலோ அகேட் முரட்டுக் கல் கொண்டுவந்தார். கம்பாத் பக்கத்துக் கல். திரும்பும்போது நான் இரண்டு கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தேன். கிலோவுக்கு கிலோ சரியாகப் போயிற்று.

கல்லை உருட்டிப் பாலிஷ் செய்கிற இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் டம்ளர் என்று பெயர். டம்ளர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "எவர்சில்வர் டம்ளரே பரண்ல ரெண்டு டசன் கெடக்கு" என்று பதில் வந்தது. அதனால் இங்கே அதை உருட்டி என்றே சொல்கிறேன். ஆன்லைனில் வாங்கியது. ரப்பர் டிரம், கல்லும் தண்ணீரும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கொள்ளும். இரண்டு உருளைகள் மேல் படுத்துக்கொண்டு இரவும் பகலும் சுற்றும். ஆட்டுரல் ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல்.

## கல்லைப் பற்றி

அகேட் என்பது குவார்ட்ஸின் நுண்படிக வடிவம், முழுக்க சிலிக்கா. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் 6.5 முதல் 7. எரிமலைக் குழம்பு உறையும்போது உள்ளே வாயுக் குமிழிகள் அகப்பட்டுக்கொள்கின்றன. பின்னால் அந்த வெற்றிடங்களில் சிலிக்கா கலந்த நீர் ஊறி ஊறி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் படிகிறது. தக்காணத்து எரிமலைப் பாறைக்குச் சுமார் 6.6 கோடி வயது. குஜராத்து அகேட்டுக்குத் தாய்வீடு அதுதான். நம்ம நெல்லைச் சீமையின் அடித்தளம் வேறு மாதிரி: நைஸ், சார்னோகைட் என்று வெந்து மடிந்த பழம்பாறைகள். அதனால் தாமிரபரணியில் எத்தனை வழுவழுப்பான கூழாங்கல் கிடைத்தாலும் அது அகேட்டாக இராது. வெளியூர்க் கல்லைக் கொண்டுவந்து பட்டை தீட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிது ஒன்றுமில்லை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகேட், சூதுபவள மணிகள் செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சூதுபவளமும் அகேட்டும் ஒரே குடும்பம்தான். இரும்பின் செம்மை ஏறினால் சூதுபவளம்.

கடைகளில் இதைச் சுலைமானி என்றும் சொல்வார்கள். கோமேதகம் என்று சிலர் சொல்வது தவறு. கோமேதகம் கார்னெட் வகை, இரண்டுக்கும் உறவே இல்லை.

உருட்டி செய்கிற வேலை ஆறு செய்கிற வேலைதான். டிரம் சுற்றும்போது கற்கள் ஒரு பக்கமாக ஏறி, மேல் அடுக்கு சரிந்து இறங்கும். சரிகிற அந்த அடுக்கில்தான் தேய்மானம். நடுவே கார்பரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு, பொடி கிடந்து அரைக்கும். நம்பர் ஏற ஏறப் பொடி நைசு. 80 நம்பர் பொடி மூலைகளை உருட்டும். 220 அதன் கீறலை எடுக்கும். 600 இன்னும் மெலிதாக்கும். கடைசியில் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு மினுக்கம் தரும். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு வாரம். ஆறு அவசரப்படாது, நமக்குத்தான் அவசரம்.

## முதல் சுற்று

முரட்டுக் கல் டிரம்முக்குள் நுழையாது, உடைக்க வேண்டும். பாதியைச் சாக்குப்பையில் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். மீதியை வாடகைக்கு எடுத்த மேசை கட்டரில் வில்லை வில்லையாக அறுத்தேன், வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி. வில்லைகள் அழகாக இருந்தன. வரிகள் தெளிவாகத் தெரிந்தன. அதிலேயே மனசு குளிர்ந்துவிட்டது.

ஒரு கல்லில் மட்டும் நடுவே குழி. குழிக்குள் பொடிப்பொடியாகப் படிகம், கற்கண்டு உடைத்துக் கொட்டியது போல. எட்டாம் வகுப்பு படிக்கிற மருமகன் அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. "மாமா, இதையும் போடுவோம், உள்ள எல்லாம் மின்னும்." போட்டோம். அதேபோலச் சின்னக் குழியும் பள்ளமுமாக இன்னும் ஏழெட்டுக் கற்கள் இருந்தன. அவற்றை நான் கவனிக்கவே இல்லை.

அகேட் 720 கிராம். டிரம் காலியாகத் தெரிந்ததால் தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் மருமகன் பொறுக்கிய கூழாங்கற்கள் 180 கிராம். தண்ணீர் மேல்வரிசைக் கற்களின் அடிமட்டம் வரை. 80 நம்பர் பொடி மூன்று மேசைக்கரண்டி. எட்டு நாள். பிறகு 220, 600, பாலிஷ், தலைக்கு ஏழு நாள். ஆக 29 நாள்.

தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றைப் போக்க வேண்டும். சில கற்களும் அவற்றில் ஒட்டிய உலோகத் துணுக்குகளும் வாயு கிளப்பி டிரம்மை உப்ப வைக்கும். அதைச் சரியாகச் செய்தேன். சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

முப்பதாம் நாள் கழுவிக் கொட்டினோம். தண்ணீரில் கிடந்தபோது எல்லாமே மின்னியது. மருமகன் கைதட்டினான். துண்டில் துடைத்துக் காயவைத்ததும் சாயம் வெளுத்துவிட்டது. மூன்று விதமான குறை. வளைந்த விளிம்புகளில் நகக்கண் பிறை போல வெள்ளை வடுக்கள். வில்லைகளின் நடுவில் கட்டர் பிளேடு போட்ட கோடுகள் அப்படியே இருந்தன, ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. மூன்றாவதுதான் மோசம்: எல்லாக் கற்களிலும், நன்றாக உருண்டவற்றில்கூட, மெல்லிய கீறல். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பழைய மூக்குக்கண்ணாடி மாதிரி இருந்தது.

## இரண்டாம் சுற்று

சந்தேகம் முதலில் கூழாங்கல் மேல் போயிற்று. நியாயமான சந்தேகம்தான். நைஸ் என்பது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா மூன்றும் கலந்த கல். மைக்கா மென்மையானது, உருளும்போது உதிரும். அது உதிர்ந்தால் குவார்ட்ஸ் மணிகளும் பிடி தளர்ந்து விழும். அந்த மணியும் அகேட்டும் ஒரே கடினம். பாலிஷ் கட்டத்தில் ஒரு மணி விழுந்தால் போதும். ஒரே டிரம்மில் ஒரே இனக் கல்தான் போட வேண்டும் என்பது இதனால்தான்.

கூழாங்கற்களை எடுத்துவிட்டேன். இடத்தை நிரப்பப் பீங்கான் உருளைகள் வாங்கிப் போட்டேன். டிரம்மின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தது. பிறை வடு புதிதாக விழுவது அதோடு நின்றது. முதல் சுற்றில் 80 நம்பர் முடியும்போது கற்கள் தேய்ந்து, டிரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கல் சரிவதற்குப் பதில் விழுந்து மோதியிருக்கிறது. அந்த மோதல்தான் பிறை.

மறுபடி 220 நம்பரிலிருந்து தொடங்கினேன். கட்டத்துக்குக் கட்டம் பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தேன். மூடியின் ரப்பர் வரப்பில் பழைய பொடி ஒளிந்திருக்கும், அதைக் குண்டூசியால் நோண்டி எடுத்தேன். வாளி, சல்லடை எல்லாம் கட்டத்துக்குத் தனி. பாலிஷ் பொடியும் புதிது. 21 நாள்.

கீறல் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் துவைக்கிற இடத்துத் தண்ணீர் போகாமல் நின்றது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சாம்பல் நிறக் கூழை அங்கேதான் கொட்டியிருந்தேன். கார்பரண்டமும் கல்மாவும் சேர்ந்த கூழ் குழாயின் வளைவில் தங்கி, சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. தரையைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை. அன்றிலிருந்து கூழ் வாளியில் தெளிகிறது. மேல் தண்ணீர் மண்ணுக்கு, அடி வண்டல் காய்ந்ததும் சாக்கில் கட்டிக் குப்பைக்கு.

## அண்ணாச்சி வந்தார்

குழாயை மாற்றியபின் டைல்ஸ் ஒட்ட வந்தவர் முப்பது வருஷமாகக் கல்லும் டைல்ஸும் அறுக்கிறவர். கூழைப் பற்றி விசாரித்தார். கல்லைக் காட்டினேன். ஒரு கையளவு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்வாள், இத சுத்தியலால ஒடச்சியளோ?"

"ஆமா அண்ணாச்சி, பாதி."

"அப்பம் உள்ளுக்குள்ள விட்டிருக்கும்லா?"

ஒரு கல்லை வாளியில் முக்கினார். வேட்டி நுனியால் மேலோடு துடைத்து நிழலில் வைத்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். மேல்தோல் காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு கோடு மட்டும் கருப்பாக நின்றது, தலைமுடி கனத்துக்கு, ஓரத்திலிருந்து ஓரம் வரை. விரிசலுக்குள் போன தண்ணீர் கடைசியாகத்தான் காயும். அவர் கிரானைட் பலகைகளை வாங்கும்போது இப்படித்தான் பார்ப்பாராம். பத்துக் கல் பார்த்தோம், ஆறில் கோடு. இந்த ஆறும் டிரம்மில் எப்போது வேண்டுமானாலும் உடையும். உடைந்தால் கூர்முனை, கூர்முனை உதிர்ந்தால் பொடி.

கற்கண்டுக் குழிக் கல்லைப் பார்த்ததும், "இதுக்குள்ள மண்ணு போனா வராதே" என்றார். இரண்டு மாதமாக என் மண்டையில் ஏறாத விஷயம்.

அவர் போனபின் ஒரு சோதனை செய்தேன். வகுப்பில் என்றால் பிள்ளைகளை வைத்துச் செய்திருப்பேன், இங்கே மருமகன் ஒருவன்தான். குழியுள்ள கற்களை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீரோடு போட்டோம். குழி இல்லாதவற்றை இன்னொன்றில். இரண்டையும் ஐந்து நிமிஷம் குலுக்கி, தண்ணீரைத் தனித்தனி வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றித் தெளியவிட்டோம். குழி இல்லாத தட்டு சுத்தம். மற்றதில் ஒரு சிட்டிகைச் சாம்பல். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கருநீலமாக மினுங்குகிற கூர்த்துண்டுகள். மைக்கா இல்லை, குவார்ட்ஸ் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கார்பரண்டம். அதுவும் 80 நம்பர், பருமனே காட்டிக்கொடுத்தது. கற்கண்டுக் குழியில் குண்டூசியை விட்டபோது இன்னும் உதிர்ந்தது.

இரண்டு தடவை கழுவி, பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் உருட்டியபிறகும் உள்ளே இருந்த பொடி. பாலிஷ் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து எல்லாக் கல்லையும் கீறியிருக்கிறது. மருமகன் முகம் சின்னதாகிவிட்டது. அவன் கல்தானே முதல் குற்றவாளி. குழியில்லாத கற்கள் அண்டை வீட்டுத் தண்டனையை அனுபவித்திருக்கின்றன.

## வெட்டு

மூன்றாம் சுற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி தன் மேசை கட்டரோடு வந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். சாப்பாடு, அப்புறம் இரண்டு கல் என்று ஒப்பந்தம்.

நான் வாடகைக்கு எடுத்தபோது பல் வெட்டிய பிளேடு போட்டிருந்தேன். கான்கிரீட்டுக்கு அது சரி. அகேட்டின் ஓரத்தில் சில்லு தெறிக்க வைக்கும். அண்ணாச்சி விளிம்பு முழுசாக உள்ள டைமண்ட் பிளேடு போட்டார். அடித்தொட்டியில் தண்ணீர் நிறைய. இரண்டு கல் அறுத்ததும் சத்தம் மாறியது, கீச்சென்று. உடனே ஒரு செங்கல்லை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். வைரத்துணுக்குகளைப் பிடித்திருக்கிற உலோகம் மழுங்கி மூடிக்கொள்ளும். செங்கல் அதைச் சுரண்டி வைரத்தை வெளியே கொண்டுவரும். மறுபடி பழைய சத்தம் வந்தது. நானாக இருந்தால் கல்லை இன்னும் அழுத்தியிருப்பேன். அழுத்தினால் பிளேடு வளையும், வெட்டு கோணும், விரலுக்கும் ஆபத்து. அவர் கல்லைத் தள்ளவே இல்லை. பிளேடு தின்னுகிற வேகத்துக்குக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உருண்டைக் கல் பிளேடில் புரண்டு மாட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு மட்டும் மரத்துண்டில் ஆப்பு வைத்து இறுக்கிக்கொண்டார்.

வில்லைகள் எல்லாம் மறுபடி வெட்டுக்குப் போயின. இரண்டு தட்டை முகங்கள் நடுவே கூழ் புகுந்தால் ஈரக் கண்ணாடித் தகடுகள் போல ஒட்டிக்கொள்ளும், ஒன்றை ஒன்று தேய்க்காது. அதனால்தான் பிளேடு கோடு பிழைத்திருந்தது. வில்லையைச் சாய்வாக அறுத்து, எந்த இரண்டு முகமும் இணையாக வராத துண்டுகளாக்கினோம். குழிகளை அடியோடு வெட்டி எடுத்தோம். ஆழம் குறைந்த பள்ளங்களைச் சாணையில் தண்ணீர் விட்டு அகலமாக்கினோம், வாய் அகன்றால் பொடி தங்காது. விரிசல் கோடு தெரிந்த கற்களை அந்தக் கோட்டிலேயே அறுத்து இரண்டாக்கினோம். அறுத்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். கல் கடைசி நூலளவில் தானாக ஒடிவதால் வருவது. அதையும் சாணையில் வழித்துவிட்டோம். அளவு எலுமிச்சம்பழத்திலிருந்து புளியங்கொட்டை வரை கலவையாக இருக்கட்டும் என்று விட்டோம். சின்னது பெரிதின் இடுக்குகளில் புகுந்து தேய்க்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் தண்ணீரோடுதான், முகமூடியோடுதான். அகேட் தூசி சிலிக்கா தூசி. கம்பாத்தில் தலைமுறை தலைமுறையாக அகேட் தீட்டுகிறவர்களை சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வாட்டியிருக்கிறது. உலர்ந்த வெட்டு ஒன்றுகூட வேண்டாம். தண்ணீர், மின்சாரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் கட்டரை மாட்டவும் வேண்டாம்.

மருமகன் ஒரு யோசனை சொன்னான். உவரிப் பக்கம் கடற்கரையில் செக்கச்செவேல் என்று கிடக்கிற மணலைப் போட்டால் என்ன, காசு மிச்சமாகுமே என்று. அந்தச் சிவப்பு கார்னெட். கடினம் 7ஐ ஒட்டித்தான், அகேட்டும் அதே அளவு. சமபலம் சண்டை போட்டால் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். கார்பரண்டம் 9க்கும் மேலே. தவிர, 2013லிருந்து கடற்கரைத் தாது மணல் அள்ளத் தடையும் இருக்கிறது.

## மூன்றாம் சுற்று

வெட்டியபின் பழைய கற்களில் 460 கிராம் மிஞ்சியது. புதிதாக வெட்டியது 340. ஆக 800 கிராம், கூடவே பீங்கான் உருளைகள். 80 நம்பரில் இந்தத் தடவை பன்னிரண்டு நாள், ஆறாம் நாள் கழுவிப் புதுப்பொடி. கார்பரண்டம் உடைந்து மெலிந்துகொண்டே போகும், ஒரு வாரத்துக்கு மேல் அதில் வெட்டு இராது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் எந்தப் பொடியும் கைகொடுக்காது. 220 பிறை வடுவை எடுக்காது, 80தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் ஒவ்வொரு கல்லையும் முக்கி, துடைத்து, நிழலில் வைத்துக் கோடு பார்த்தோம். மூன்று கல் வெளியேறியது. தேய்ந்த இடத்தைப் பீங்கான் உருளை போட்டு நிரப்பினோம்.

220 ஏழு நாள், 600 எட்டு நாள் (ஒரு நாள் மின்வெட்டு), பாலிஷ் ஏழு. 34 நாள். இந்த மூன்று கட்டங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதுவும் நடக்கவில்லை என்பதே செய்தி. பாலிஷ் பொடி இரண்டாம் சுற்றில் வாங்கி மிச்சமிருந்த அதே டப்பா. நான் வைத அதே பொடி.

கொட்டினோம், கழுவினோம், துடைத்தோம். காய்ந்தபிறகும் மின்னியது. ஒரு கல்லில் ஜன்னல் கம்பி நிழலாடியது. எடை 580 கிராம். வெளியேறிய மூன்று கல்லும் சேர்த்து 800இல் கால் பங்குக்கு மேல் போயிருக்கிறது, கூழானதில் பெரும்பகுதி முதல் பன்னிரண்டு நாளில். அண்ணாச்சி தன் இரண்டு கல்லைப் பொறுக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

கற்கண்டுக் குழிக் கல் டிரம்முக்குள் போகவில்லை. அண்ணாச்சி அதைக் குழி நடுவாக இரண்டாக அறுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த பொடியை மருமகன் இரண்டு நாள் ஊறவைத்து, ஊசியால் நோண்டி, சுத்தமாக எடுத்தான். இப்போது வெட்டு முகத்தை மட்டும் கையால் தீட்டுகிறான். கண்ணாடிப் பலகை மேல் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளை, விரித்து, தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 220 முடிந்து 400, 400 முடிந்து 600. நேற்று சாயங்காலம் சொட்டச் சொட்ட ஓடி வந்து, "மாமா, பளபளங்கு பாருங்க" என்று நீட்டினான். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன்.